ஆச்சியைக் கேளுங்கள்: அம்பைக்கு ஒரு டிக்கெட்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அதனால் மறதி நோய் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆவலாதிதான்: "பெற்றவளுக்கே என்னைத் தெரியவில்லையே." அதனால் முதல் கடிதத்துக்கு இடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆச்சி, எங்கம்மாவுக்கு 74 வயது. பன்னிரண்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். சுளகை மடியில் வைத்துக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினாள். நாலு வருடமாக மறதி நோய். இப்போது என்னைத் தன் அக்கா என்று நினைத்து "எக்கா" என்று கூப்பிடுகிறாள். பெரியம்மை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. "நான் உன் மகம்மா, பெரியம்மை செத்துப் போயாச்சு" என்றால், அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். மறுநாள் திரும்பவும் எக்கா. பொழுது சாய்ந்தால் "கடை அடைச்சிருவான், பீடியக் கொண்டு போடணும்" என்று வாசலுக்கு ஓடுகிறாள். சும்மா இருக்கும்போதும் விரல் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு மதினி, "என்ன பேசினாலும் அஞ்சு நிமிசத்துல மறந்துரப் போறா, நீ எதுக்குக் கிடந்து மாயுத" என்கிறாள். நான் பேசுவதில் பிரயோசனம் உண்டா? (மகள், முக்கூடல்)

பதில்: பெரியம்மை இறந்ததை இனிமேல் சொல்லாதே தாயி. நீ ஒரு தடவை அழுது முடித்த சாவை அவள் தினமும் புதிதாக அழுகிறாள். இதில் உண்மை பேசி யாருக்கு என்ன லாபம்? அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டாம். "எக்கா" என்றால் "சொல்லு" என்று மட்டும் கேட்டுக்கொள். அம்மாவைப் பார்த்து "என்னட்டி" என்று கேட்க வாய் வராதுதான். வந்தால் அதுவும் சரியே. பெரியம்மையைப் பற்றி அவளிடமே கேள். யார் வேகமாகச் சுற்றுவார்கள், நீயா அக்காவா? யாருடைய பீடியைக் கணக்கப்பிள்ளை அதிகம் கழித்துப் போடுவார்? பதில் வருகிறதா இல்லையா பார்.

நான் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். அப்படிப்பட்ட நானே வீட்டில் இதில் தோற்றேன். எங்கப்பா திருநெல்வேலி - பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டர். மறதி வந்த பிறகு தினமும் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று நிற்பேன். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி விழிப்பார். தப்பாகச் சொன்னால் என் முகம் சுருங்கும், அதைப் பார்த்து அவர் முகம் சுருங்கும். காபி ஆறிப்போகும். இப்படி ஒரு வருடம் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து தலைமாட்டில் நின்று, "டிக்கெட்" என்றார். என்ன தோன்றியதோ, "அம்பை ஒண்ணு" என்றேன். நாக்கில் விரலைத் தொட்டு, கையிலிருந்த பழைய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கிழித்தது துளி பிசிறில்லாமல் வந்தது. சட்டைப் பித்தான் போடத் தெரியாத கை அது. அதற்கப்புறம் எங்களுக்கு இதுதான் வேலை. சேர்மாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடை என்று வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டு வருவார். நான் அம்பையில் இறங்குவேன்.

ஒரு தடவை டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார், "அம்பையில யார் வீட்டுக்குப் போறிய?" ஆஸ்பத்திரிக்கு என்றேன். "அங்க எம்மவ நர்ஸா இருக்கா. அவகிட்ட ஊசி போட்டுக்கிடுங்க, வலிக்காது. கோவக்காரிதான், மனசுல ஒண்ணுங் கிடையாது" என்றார். எனக்குக் கீரை எது தண்டு எது என்று தெரியவில்லை. "நான்தான்ப்பா அது" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "சரிங்க, போய்ப் பாக்கேன்" என்றேன். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார், அதாவது தூணுக்கு.

விஷயம் இதுதான். இன்று நடந்ததைப் பதிந்து வைக்க மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அல்சைமரில் முதலிலேயே அடிபடுகிற இடங்களில் அது ஒன்று. கை பழகிய வேலை அங்கே இருப்பதில்லை; வேறு இடத்தில் இருக்கிறது, அது வெகுநாள் தாக்குப்பிடிக்கும். உங்கம்மா விரல் உருட்டுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. இலையைத் தேடுகிறது. கொடுத்துப் பார். தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், இத்தனை வருடம் அவள் இழுத்த புகையிலைத் தூசி போதும். நனைத்து வெட்டிய இலை, நூல், தூளுக்குப் பதில் கொஞ்சம் ரவை; வாயில் போட்டாலும் கெடுதல் இல்லை. கத்தரி கொடுப்பதானால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடைய முனை மழுங்கினது. நீ எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே மோசமாக ஒரு பீடி சுற்று. அவள் பிடுங்கிப் பிரித்து, உருட்டி, நூலைச் சுற்றி, வாயை நகத்தால் மடக்கித் தருவாளா இல்லையா பார். தந்தாள் என்றால் கட்டுக்கு இருபத்தைந்து எண்ணச் சொல். எண்ணிக்கை தவறினால் திருத்தாதே. சில நாள் இலையைத் தொடவே மாட்டாள், அன்றைக்குச் சுளகை எடுத்து வைத்துவிடு.

சாயங்காலப் பரபரப்பு இந்த நோயில் நிறையப் பேருக்கு உண்டு. இருட்டுவதற்கு முன்னாலேயே விளக்கைப் போடு, டீயும் பலகாரமும் கொடு, ஒன்றுக்குக் கூட்டிப்போய் வா. அதற்குப் பிறகும் வாசலுக்கு ஓடினால் கதவை அடைக்காமல் கூடவே நட. தெருமுனை வரை போய், "கடையில கூட்டமா இருக்கு, காலையில போடுவோம்" என்று திரும்பிவிடலாம். (பொய் வேண்டாம் என்று மேலே எழுதினேன். இந்த அளவு பரவாயில்லை.)

மதினி சொன்னதில் பாதி சரி. பேச்சு மறந்துபோகும். ஆனால் காலையில் யாராவது அதட்டியிருந்தால், அதட்டினது மறந்து போனபிறகும் மத்தியானம் வரை முகம் தெளியாது. வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், ஆராய்ச்சியிலும் அப்படித்தான் கண்டிருக்கிறார்கள். சந்தோஷத்துக்கும் அதே கணக்குத்தான். மதினியையும் ஒருநாள் சுளகு பக்கம் உட்காரச் சொல்.

கேள்வி: என் மாமியாருக்கு 69 வயது. பத்து நாளாக ஆளே மாறிவிட்டார்கள். பகலில் தூக்கம், ராத்திரி பிதற்றல். வயசானால் வரத்தானே செய்யும் என்கிறார் என் வீட்டுக்காரர். (மருமகள், பாளையங்கோட்டை)

பதில்: இந்த இதழ் கைக்கு வருகிறவரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வருவது. பத்து நாளில் ஆள் மாறினால் சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் உப்புக் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கட்டு என்று வேறு காரணம் இருக்கலாம். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தைராய்டும் பி12 சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா வீரவநல்லூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். தறி நெய்தவர். நான் சென்னையில். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு வீடியோ கால் போட்டு, "என்ன தெரியுதாப்பா" என்பேன். போனைத் தள்ளிவிடுகிறார். என் மேல் கோபமா? (மகன், சென்னை)

பதில்: கோபம் இல்லை தம்பி. எட்டரை மணிக்கு அவர் அலுத்துப் போயிருப்பார். ஒரு சாண் கண்ணாடிக்குள் ஒரு முகம் ஆடிக்கொண்டு கேள்வி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். உங்கள் ஆபீஸில் அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்காதா என்ன. "தெரியுதா" வேண்டாம். "அப்பா, உங்க மூத்தவன் பேசுதேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அவர் நெய்த சேலை ஒன்று வீட்டில் எங்கேயாவது இருக்கும், அம்மாவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கூப்பிடுவதற்கு முன் தங்கச்சி அதை அவர் மடியில் விரித்து வைக்கட்டும். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்பதெல்லாம் தங்கச்சியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் அந்தப் புட்டாவை எப்படிப் போட்டீர்கள், பாவு எத்தனை நாள் ஓடும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சேலைக் கரையைத் தடவிக்கொண்டே இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.