வயலை விற்காதீர்கள்

போன வாரம் ஓர் அப்பா, மகளை மேலே என்ன படிக்கவைக்கலாம் என்று யோசனை கேட்டு, அவளோடு என்னிடம் வந்திருந்தார். நீட் இரண்டாவது தடவையும் கை கொடுக்கவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்கிவிடலாம், வயலை விற்றால் தீர்ந்தது என்கிறாராம் பெரியப்பா. கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன், வயல் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஐயா, அங்கே வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல், விடுதி தனி. அப்புறம் மேற்படிப்பு எம்.டி.க்கு எதை விற்பீர்கள்? பெரியப்பாவா கட்டப்போகிறார்?

புற்றுநோய் வந்த பாட்டியை ரேடியேஷனுக்கு, அதாவது கதிர் சிகிச்சைக்கு, தினமும் கூட்டிப்போனது இந்தப் பெண்தானாம். அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். "மத்தவங்களுக்குக் கட்டி கரையுது, பாட்டிக்கு ஏன் சரியாக் கரையல?" என்று திருப்பிக் கேட்டாள். இந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, கதிர்வீச்சு உயிரியல்.

கதிர் புற்றுச்செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கும், சில செல்கள் அதை ஒட்டுப்போட்டுப் பிழைத்துக்கொள்ளும். அந்த டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களில் நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கிறது. வோரினோஸ்டாட் போன்ற எபிஜெனெடிக் மருந்துகள் மரபணு எழுத்தைத் தொடாமல் சுற்றை மட்டும் தளர்த்தும், ஒட்டுப்போடும் வேலையும் தடுமாறும். வலிப்புக்குத் தரும் வால்ப்ராயிக் ஆசிட் மாத்திரைக்கும் இந்தக் குணம் உண்டு, தெரியுமா? வோரினோஸ்டாட்டுக்கு 2006-இல் அமெரிக்கா அனுமதி தந்தது தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்க்கு. கதிரோடு சேர்த்துக் கொடுப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான்; மருந்து முன்பா பின்பா, எத்தனை மணி நேர இடைவெளி, நல்ல செல்லுக்கு எவ்வளவு சேதம் என்று கேள்விகள் நிறைய. ஆய்வகத்தில் தட்டில் செல் வளர்த்து, மருந்து ஊற்றி, 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிர் பாய்ச்சி, இரண்டு வாரம் போலக் காத்திருந்து, சாயம் ஏற்றி, பிழைத்து 50 செல்லாவது பெருகிய கூட்டங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் வலிக்கும் என்றேன். "எத்தனை தட்டு சார்?" என்றாள்.

அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோ உயிர்வேதியியலோ சேர்க்கலாம், கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், நவி மும்பையில் டாடா மெமோரியலின் புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக் என்று இந்த வேலை நடக்கிற இடங்கள் உண்டு. நிலையான சம்பளம் வர முப்பது வயது நெருங்கிவிடும், அதை மறைக்க மாட்டேன். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கல்லூரி 'ஜெனெடிக்ஸ்' (மரபியல்) படிப்பு என்று யாராவது ஆசை காட்டினால் அதுவும் வேண்டாம்.

விண்ணப்பத் தேதி முடிவதற்குள் போட்டுவிடுங்கள் ஐயா. பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.