எல்லையோர வீட்டுச் செலவு: கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அம்மா, எங்கள் வீட்டில் மட்டை அரிசிச் சோறுதான். அது வேக நெடுநேரம் ஆவதால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அரிசியை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய, சூட்டை உள்ளேயே தக்கவைக்கும் சூடாறாப்பெட்டியை உங்கள் பக்கத்தில் பலரும் அறிவார்கள். அவ்வியக்கம் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையமும் உங்கள் மாவட்டத்து முண்டூரில்தான் உள்ளது. அரிசியை ஊறவைத்து உலையிலிட்டு, தளதளவெனக் கொதித்தபின் சில நிமிடங்கள் மட்டும் அடுப்பில் விட்டு, மூடிய பாத்திரத்தை அப்படியே பெட்டிக்குள் இறக்கிவிட்டால், வெளியேற வழியில்லாத அந்தச் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். பாத்திரம் முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும். குறைவாக வைத்தால் சூடு நிற்காது. நடுவில் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும், அதுதான் கடினம். பயறு, கடலைக்கும் இதே முறை பொருந்தும்.

கேள்வி (செங்கோட்டை): வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக மின்சாரம் செலவானதற்குக் கட்டணம் வெகுவாக ஏறிவிட்டது. புனலூரில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் இதே கதை. ஏன்?

பதில்: இரு வீடுகளும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அந்த வரம்பைக் கடந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலை போய்விடுகிறது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் என்பது வரம்பு. அதைக் கடந்தால் முதல் யூனிட்டிலிருந்தே முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை போடுகிறார்கள். ஆகவே 45ஆவது நாளில் மீட்டரை நீங்களே பாருங்கள். 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் கையைச் சுருக்க இன்னும் 15 நாள் இருக்கிறது. நிலையான தீர்வு மின்விசிறியில் உள்ளது. 75 வாட் பழைய விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட் ஆகும்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 22 யூனிட்கூட ஆகாது. வீட்டில் அதிக நேரம் சுழலும் விசிறியை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறை விசிறி காத்திருக்கலாம்.

கேள்வி (களியக்காவிளை): ஜூன், ஜூலையில் மீன் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: குமரி மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதலும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதலும், ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கிழக்குக் கடற்கரைத் தடையோ ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14உடன் முடிந்துவிடும். எனவே ஜூன் நடுவிலிருந்து சின்னமுட்டம், தூத்துக்குடி மீனைக் கேட்டு வாங்குங்கள். வள்ளங்களில் வரும் சாளை மலிந்த நாளில் அதையே குழம்புக்கு வைத்துக்கொண்டு, பெரிய மீனை ஆகஸ்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி (கம்பம்): குமுளிக்குப் போய் மாதச் சாமான் வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. சோப்பு, பற்பசை போன்ற உறையிட்ட பொருள்களுக்கு 2017 ஜூலை முதல் இரு மாநிலங்களிலும் ஒரே ஜி.எஸ்.டி.தான், பேருந்துக் கட்டணம்தான் கைநட்டம். தேயிலையும் ஏலக்காயும் வேண்டுமானால், வேறு வேலையாக மலையேறும் நாளில் வாங்கி வாருங்கள்.