பெரியவளான பிறகு ஃபுட்பால் ஆடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறாள். அல்சூர் கௌதமபுரத்தில் பையன்களோடு ஃபுட்பால் ஆடி வளர்ந்தவள். பெரியவளானதும் “இனி ஓட்டமெல்லாம் போதும்” என்கிறார் மாமியார். அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. வேறு. ஆட்டத்தை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாமா?

- ஒரு தாய், பெங்களூரு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இந்த ஊரில் பி.டி. டீச்சராக இருப்பவள், கெஞ்சியே கேட்கிறேன். பீலேவுக்குச் சிலை வைத்த பேட்டை உங்களுடையது! அங்கே ஒரு பெண்பிள்ளையின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கலாமா?

பெண்களுக்கு எலும்பின் வலுவில் பெரும்பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அவள் ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புகிறாளே, எகிறிக் குதிக்கிறாளே, அப்போது காலில் இறங்கும் அதிர்வுதான் எலும்பைக் கெட்டிப்படுத்துகிறது. நாற்பதில் மூட்டைப் பிடித்துக்கொண்டு வாக்கிங் போனாலும் இந்த வயதின் சேமிப்பு திரும்பக் கிடைக்காது.

மாதவிலக்கு நாளிலும் ஆடலாம். உடம்பை அசைத்தால் பலருக்கு வலி குறைகிறது. முடியவில்லை என்று அவளே சொன்னால் விட்டுவிடுங்கள். ஆனால் மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் மாணவிகளில் ஆட்டத்தை விட்டவர்கள் பலர் வலிக்குப் பயந்து விடவில்லை. பேட் மாற்ற இடமில்லாமல்தான் விட்டார்கள். கறுப்பு ஷார்ட்ஸ் வாங்கிக் கொடுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. டாக்டரிடம் போக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருந்தது. கீரை, பயறு, ஈரல் எது கொடுத்தாலும் கூட எலுமிச்சை சேருங்கள். சாப்பிட்ட கையோடு காபி வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

படிப்பைப் பற்றிய கவலை நியாயமானதே. இந்த வயதுக்கு, சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடியாடிய பிள்ளை படுத்ததும் தூங்கும். 8 மணி நேரமாவது தூங்கினால்தான் படித்தது மண்டையில் நிற்கும். ஐந்திலிருந்து ஆறு வரை ஆடட்டும், டியூஷனை ஆறரைக்கு வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சை நெருங்கும்போது அந்த ஒரு மணி அரை மணியாகலாம். அதற்கும் கீழே குறைக்காதீர்கள்.