4-உம் 3-உம் சேர்ந்து 5 ஆவது எப்படி?

படகு வினாடிக்கு 4 மீட்டர், ஆற்று நீர் வினாடிக்கு 3 மீட்டர், கூட்டினால் 7 வர வேண்டியதுதானே, விடை ஏன் 5 என்று கேட்டிருக்கிறீர்கள். 7-உம் வரும். நீரோட்டத்தோடு சேர்ந்து போனால் 7, எதிர்த்துப் போனால் 1, மற்ற எந்தத் திசையில் போனாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண். உங்கள் கணக்கில் படகின் முகப்பு எதிர்க்கரையை நேராகப் பார்க்கிறது, நீரோ அதற்குச் செங்குத்தாக ஓடுகிறது. அதனால் பிதாகரஸ் தேற்றப்படி 16-உம் 9-உம் சேர்ந்து 25, அதன் வர்க்கமூலம் 5.

சூத்திரம் மட்டும் மனதில் ஒட்டாது, ஒரு ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அகலம் 120 மீட்டர். முதல் வினாடியில் படகு கரையை நோக்கி 4 மீட்டர் போகிறது, அதே வினாடியில் நீர் அதை 3 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. கரையில் நிற்பவருக்கு அது சாய்வாக 5 மீட்டர் நகர்ந்தது போலத் தெரியும், உண்மையில் நகர்ந்ததும் அவ்வளவுதான். இப்படியே 30 வினாடியில் எதிர்க்கரை வந்துவிடும், ஆனால் நேர் எதிரே இல்லை, 90 மீட்டர் கீழே தள்ளி. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் என்னவென்றால், நீரோட்டம் 3 இல்லாமல் 10 ஆக இருந்தாலும் கடக்கும் நேரம் அதே 30 வினாடிதான்! பக்கவாட்டில் தள்ளும் வேகத்துக்கு குறுக்கே போகும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது.

சரி, நேர் எதிரேதான் இறங்க வேண்டும் என்றால்? இங்கேதான் பலர் மறுபடியும் 5 என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள். இப்போது முகப்பை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுமார் 48.6 பாகை திருப்ப வேண்டும், அதாவது முக்கோணத்தின் கர்ணமே அந்த 4 தான். குறுக்கே மிஞ்சும் வேகம் 16-இல் 9 போக 7-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 2.65. நேரம் 45 வினாடிக்குக் கொஞ்சம் மேல். நீர் படகைவிட வேகமாக ஓடினால் முகப்பை எப்படித் திருப்பினாலும் நேர் எதிரே போய்ச் சேர முடியாது, அந்த முக்கோணமே அமையாது.

இந்தக் குழப்பம் வராமலிருக்க, அம்புக்குறி வரையும்போதே ஒவ்வொன்றின் மேலும் யாரைப் பொறுத்து யாருடைய வேகம் என்று எழுதிவிடுங்கள்: நீரைப் பொறுத்துப் படகு, கரையைப் பொறுத்து நீர். முதல் அம்பின் நுனியில் இரண்டாவதன் வாலை வையுங்கள், தொடக்கத்திலிருந்து கடைசி நுனிவரை போடும் கோடுதான் கரையைப் பொறுத்துப் படகின் திசைவேகம். அப்புறம் எது கர்ணம் என்று யோசிக்கவே வேண்டாம், படமே காட்டிவிடும். செங்கோணம் இல்லாமல், இரண்டு அம்புகளையும் ஒரே புள்ளியிலிருந்து வரைந்தால் இடையில் 60 பாகை இருக்கிறது என்று கேட்டாலும் இதே படம்தான், கணக்கில் மட்டும் 16, 9 உடன் இன்னொரு 12 சேரும் (4, 3, 60 பாகையின் கோசைன் மூன்றையும் பெருக்கி இரட்டித்தது), விடை 37-இன் வர்க்கமூலம், சுமார் 6.08.