வி-கிராஸை இரண்டு இன்ச் தூக்குவதற்கு முன்

கேள்வி: கொல்லிமலையில் மிளகும் காபியும் போட்டிருக்கிறேன். இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன், டயர் 255/60 ஆர்18. தோட்டப் பாதையில் வண்டியின் அடி தட்டுகிறது. சேலத்தில் ஒரு கடையில் இரண்டு இன்ச் தூக்கித் தருகிறேன் என்கிறார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமாம், ஆர்டிஓ விஷயத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். செய்யலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் வண்டியின் அடியைக் கழுவிவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். கல் உரசிய தழும்பு எங்கே இருக்கிறது? பதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், தழும்பு அதில் இருந்தால் வண்டியைத் தூக்கும் எந்த லிஃப்ட் கிட்டும் உதவாது. ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது சேஸியும் பாடியும் மட்டும்தான். பின் ஆக்சில் இருப்பது டயரின் உயரத்தில், அதை டயரால் மட்டுமே தூக்க முடியும். அதிலும் 255/65 போட்டால் டயரின் விட்டம் சுமார் 25 மில்லிமீட்டர் கூடும், ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். தழும்பு பக்கவாட்டு ஃபுட்போர்டில் இருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள், ஒரு ஸ்பானரோடு செலவு முடிந்தது. சேஸியின் நடுப்பகுதி, கியர்பாக்ஸின் அடி, முன் பம்பரின் கீழ் விளிம்பு, இங்கெல்லாம் அடிபட்டிருந்தால் மட்டும் மேலே பேசுவோம்.

அப்படியானால் முன்னால் 40 மில்லிமீட்டர், பின்னால் 25 போதும். காலியாக இருக்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் எப்படியும் தூக்கலாகத்தான் நிற்கும். இரண்டு இன்ச் என்பது உங்கள் வண்டிக்கு எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால், முன் சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும், அப்புறம் அது சின்ன வேலை இல்லை.

ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றால் அவர்கள் போடப்போவது ஸ்பேசர் என்றுதான் நினைக்கிறேன். முன் ஷாக் அப்சார்பரின் தலைக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு வட்டக் கட்டை, அவ்வளவுதான். ஷாக்கின் கீழ்முனை கன்ட்ரோல் ஆர்மில் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருப்பதால், மேலே ஒரு இன்ச் கட்டை வைத்தால் வண்டி ஏறத்தாழ இரண்டு இன்ச் உயரும். விஷயம் தெரியாத கடைக்காரர் இரண்டு இன்ச்சுக்கு இரண்டு இன்ச் கட்டையையே வைத்துவிடுவார். சரியான அளவில் வைத்தாலும் தொல்லை உண்டு. பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டி இறங்கும். மேல் ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டும், ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையும் அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. மேடு ஏறும்போது, பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் தன் அடிமட்டத்தில் முட்டிவிடலாம். 4x4 போடாமல் ஓட்டினாலும் முன் ஆக்சில் தண்டு சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறி இறங்கும்போது அந்தத் தண்டின் ஜாயின்ட் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பேசரைவிட மோசமான ஒன்று, காயிலின் சுற்றுகளுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபர். கொஞ்சம் உயரம் கிடைக்கும். ஆனால் காயிலின் அந்தச் சுற்று வேலை செய்யாமல் நின்றுபோய், மீதிச் சுற்றுகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு உயரமாகிவிட்டேன் என்பது போலத்தான் இது. யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்குவதானால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்த செட்டாக வாங்குங்கள். ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியப் பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிட, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எத்தனை கிலோவுக்கு என்பதுதான் முக்கியம். பின்னால் ஆக்சிலுக்கும் பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பதைவிட, பட்டை செட்டையே மாற்றுவது நல்லது. நாமக்கல்லில் பட்டை வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் கை லாரிக்குப் பழகிய கை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஒரு தடித்த பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள், காலி வண்டி தவளையாகக் குதிக்கும். பின்னால் அதிகம் தூக்கினால், கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும், வண்டி கிளம்பும்போது அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் பக்கம் ஒரு நடுக்கம் வரும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். வண்டியில் நிரந்தரமாகச் சுமை இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். நிரந்தரம் என்றால் நிரந்தரம். அறுவடைக்கு அறுவடை மிளகு மூட்டை ஏற்றுவதைச் சொல்லவில்லை. மருந்து அடிக்கும் டேங்க் எப்போதும் பின்னால் இருக்கிறது, இரும்புக் கூண்டு கட்டியிருக்கிறது, முன்னால் வடத்தால் இழுக்கும் வின்ச் இருக்கிறது, இந்த மாதிரி. அப்படி இருந்தால் வண்டியை வழக்கமான சாமான்களோடு எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி இன்னொரு சீட்டு. இரண்டையும் கூட்டினால் ஆர்சியில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லிஃப்டை மறந்துவிட்டுச் சாமானைக் குறையுங்கள். தாண்டவில்லை என்றால் அந்தச் சீட்டுகளைக் காட்டி அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். நல்ல கிட்டுகள் நிரந்தரச் சுமையின் எடைக்கு ஏற்பத் தனித்தனி ஸ்பிரிங்கோடு வருகின்றன. டேங்க் இல்லாத வண்டிக்கு டேங்க் வைத்த வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டால் 40 எதிர்பார்த்த இடத்தில் 60 உயர்ந்து, சாலையில் குதிக்கும்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சார் என்று அனுப்பும் கடைகள் ஏராளம். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) இரண்டும் அச்சான தாளில் வேண்டும் என்று கேளுங்கள். கேஸ்டர் குறைந்துபோனால் வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஹெட்லைட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பின் ஆக்சிலைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்க வேண்டும்.

இனி ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு இன்ச் தூக்கிய தோட்டக்காரரும் ஊரையே அலற வைக்கும் சைலன்சர்காரரும் இந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். சரி, ஒழுங்காக அனுமதி கேட்டு விண்ணப்பம் கொண்டுபோனால், அதை எந்த மேசையில் கொடுப்பது என்று அலுவலகத்துக்குள்ளேயே நாலு பதில் வரும். புரோக்கர்கள் பிழைப்பது அந்த நாலு பதிலுக்கு நடுவில்தான்.

இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். டயர் அளவையும் மாற்றுவதானால் அதையும் அதே மனுவில் சேர்த்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பதில் வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள், விபத்து நடந்த பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால் கிளெய்ம் இழுபறியாகிவிடும். பார்த்துக்கொள்கிறேன் என்ற கடைக்காரரிடம், பாகத்தின் பெயர், நம்பர், எத்தனை மில்லிமீட்டர் உயரம் எல்லாவற்றையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். “பில் இல்லாம குறைச்சுப் போட்டுத் தர்றேன் சார்” என்று ஆரம்பித்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.