புல்லும் மாடும் மட்டும்தானா? மிட்லண்ட்ஸ் பண்ணை விடுதியில் ஐந்து நாள்

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கிறேன். டிசம்பர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து அம்மா (72 வயது, முழங்கால் வலி), தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய 15 வயது மகள், 12 வயது மகன் எல்லோரும் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், மிட்லண்ட்ஸ் பகுதியில், நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணை விடுதியில் ஆறு இரவுகளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். "அங்கே புல்லும் மாடும்தானே இருக்கும், தினமும் எங்கே போவது?" என்று தம்பி இப்போதே கேட்கிறான். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?

பதில்: தினமும் எங்கும் போகாதீர்கள். கையில் இருப்பது ஐந்து முழு நாள். அதில் இரண்டு நாள் வெளியே, ஒரு நாள் அரை நாள் வெளியே, மிச்சமெல்லாம் பண்ணையிலேயே. மாரிட்ஸ்பர்க்கில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) இருந்துகொண்டு பல வருடமாக விருந்தாளிகளை அழைத்துப் போகிறேன். முகம் வாடித் திரும்பிய குடும்பங்கள் பெரும்பாலும் அதிகம் சுற்றியவைதான். ஷ்லுஷ்லுவே வனவிலங்குக் காப்பகத்துக்கு ஒரே நாளில் போய் வரலாமா என்று தம்பி கட்டாயம் கேட்பார். போகிற வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யானை பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இரண்டு இரவு வையுங்கள்.

இன்னொன்று, வானிலை. டிசம்பர் எங்களுக்குக் கோடை, மழைக்காலமும் அதுதான். காலை தெளிவாக இருக்கும். மதியம் இரண்டு, மூன்று மணி வாக்கில் டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டிவிட்டுப் போகும். அதனால் வெளிவேலை எல்லாம் காலை ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதித் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

சரி, பண்ணையில் என்ன இருக்கிறது? முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே ஹடேடா கத்தி எல்லோரையும் எழுப்பிவிடும். அரிவாள் மூக்கன் வகைப் பறவை. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் அலறல். திட்டிக்கொண்டே எழுந்திருங்கள், எழுந்தது நல்லதற்குத்தான்.

பெரும்பாலான பண்ணைகளில் ஒரு சிறிய அணைக்குளம் இருக்கும். அதன் கரையில் நாணல் இருந்தால் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை அங்கே போடுங்கள். இது தூக்கணாங்குருவி கூடு கட்டும் காலம். மஞ்சள் நிற ஆண் குருவி பச்சைப் புல்லைக் கீறி எடுத்து, காலால் பிடித்து, அலகால் முடிச்சுப் போட்டுக் கூடு பின்னும். முடிந்ததும் அதில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். பெட்டை உள்ளே போய்ப் பார்க்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். பெட்டை ஏற்காத கூட்டை ஆண் தானே பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். மதுரையிலிருந்து வந்த ஒரு பாட்டி இரண்டு காலைகள் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்காரன் மாதிரி அலைகிறான்" என்றார்.

பிள்ளைகளுக்கு அதே குளத்தில் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் ஊர் நினைப்பில் கொண்டுவந்து விட்ட மீன் இது. பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சைவக் குடும்பத்துக்கு அது உறுத்துமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். குதிரை ஏற ஆசைப்பட்டால் மூடிய ஷூ வேண்டும், எடை வரம்பையும் முதலிலேயே கேளுங்கள். உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால் அன்று இரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். இங்கே உண்ணி கடித்துக் காய்ச்சல் வருவது உண்டு. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு விழுந்து தலைவலியும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். மருந்துக்குக் கேட்கும் நோய்தான்.

அரை நாளுக்கு ஹோவிக். நீர்வீழ்ச்சி சுமார் 95 மீட்டர், ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சில அடி நடந்தால் பார்வை மேடை, அம்மாவுக்கும் சிரமமில்லை. கீழே உள்ள மடுவில் இன்கன்யாம்பா என்ற பெரிய பாம்பு வாழ்கிறது என்பது சூலு மக்களின் நம்பிக்கை. பாம்பை நம்பாவிட்டாலும் அந்த மடுவில் இறங்காதீர்கள், ஆட்கள் மூழ்கிப்போன இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மண்டேலாவை 1962 ஆகஸ்ட் 5 அன்று போலீஸ் பிடித்த இடம். கார் ஓட்டுநர் வேடத்தில் வந்துகொண்டிருந்தவரைச் சாலையில் நிறுத்தினார்கள். அப்புறம் 27 வருடச் சிறை. இப்போது 50 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. பக்கவாட்டில் நின்றால் வெறும் கம்பிக்காடு. நடைபாதையில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்ததும் மண்டேலாவின் முகம் சட்டென்று கூடிவரும். பையன் அந்த இடத்தை அவனே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு முழு நாளை மாரிட்ஸ்பர்க்குக்குக் கொடுங்கள். நான் எங்கள் ஊருக்காகப் பேசவில்லை, தமிழ்க் குடும்பம் பார்க்க வேண்டிய ஊர் என்பதால் சொல்கிறேன். 1893 ஜூன் 7 இரவில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் சிவப்புச் செங்கல் கட்டடமாக அப்படியே இருக்கிறது. ஜூன் இங்கே கடுங்குளிர், மேல்கோட்டு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது என்பதை அந்த நடைமேடையில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு உறைக்கும். பலர் ஸ்டேஷனோடு திரும்பிவிடுகிறார்கள். பழைய சிறைச்சாலையையும் பாருங்கள், முன்கூட்டி அனுமதி நேரம் கேட்டுக்கொண்டு. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை 1913 இறுதியில் இங்கேதான் அடைக்கப்பட்டார். நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். உள்ளே போனபோது உங்கள் தம்பி மகளின் வயதுதான். வழியில் லங்கலிபலேலே தெருவில் (பழைய பெயர் லாங்மார்க்கெட் தெரு) சுப்பிரமணியர், மாரியம்மன் கோயில். புனித வெள்ளியன்று இங்கே தீமிதி நடக்கும் (ஆமாம், புனித வெள்ளிதான், அன்று எல்லோருக்கும் விடுமுறை). நடை மதியம் சாத்துவார்கள், அதனால் கோயிலை முதலில் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் பன்னி சௌ (bunny chow). ரொட்டியைக் குடைந்து அதில் பீன்ஸ் குழம்பை ஊற்றிக் கையால் சாப்பிடுவது. கால் ரொட்டி ஒருவருக்குப் போதும்.

இன்னொரு முழு நாளில் அணி பிரியலாம். பிள்ளைகளுக்குக் கார்க்லூப் காட்டில் மரங்களுக்கு மேலே கம்பியில் சறுக்கும் விளையாட்டு இருக்கிறது. காலை முதல் ஆட்டத்துக்கே பதிவு செய்யுங்கள், இடி வந்தால் நிறுத்திவிடுவார்கள். தம்பிக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஸ்பியோன்கோப் குன்று, சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். 1900 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) அங்கே நடந்த போரில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமந்த, காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர். காந்தி பெயர் மட்டும்தான் எல்லோருக்கும் தெரிகிறது. ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்தவர்களில் பெரும்பகுதி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள், நம் ஆட்களும் அதில் இருந்தார்கள்.

சானி கணவாய் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உங்கள் கூட்டத்துக்கு நான் வேண்டாம் என்பேன். போர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம், உச்சி 2,800 மீட்டருக்கு மேல், குலுங்கலில் அம்மாவின் முழங்கால் தாங்காது. மேலே லெசோத்தோ தனி நாடு, தம்பியின் விசாவில் எத்தனை முறை நுழைய அனுமதி என்பதும் பிரச்சினை ஆகலாம்.

சாப்பாடு விஷயத்தில் "சைவம்" என்று மட்டும் விடுதிக்கு எழுதாதீர்கள். சிலர் மீனைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், சூப்பில் கோழிச் சாறு இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, கோழிச் சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அறையோடு சமையலறை இருந்தால் மாரிட்ஸ்பர்க்கில் கறிவேப்பிலையும் மசாலாவும் வாங்கிக்கொள்ளலாம்.

இருட்டுவதற்குள் பண்ணைக்குத் திரும்பிவிடுங்கள். கிராமச் சாலையில் குழியும் மூடுபனியும், நடுவில் படுத்திருக்கும் மாடும் சேர்ந்து வரும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள். டிசம்பர் கோடை என்று நம்பி வந்தவர்கள் மழை விட்ட மாலையில் கம்பளி கேட்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.