ரிப்போர்ட் எப்போது வரும்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 26 வயது. மூன்று ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில் இரவுப்பணி உதவியாளராக இருக்கிறேன். நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது, ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே நின்று திரும்ப அழைத்துவருவது, இதுதான் வேலை. அதற்கு முன் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செவிலியராக வேண்டும் என்ற எண்ணம் வார்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

சென்ற ஆண்டு இரண்டு நர்சிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டிலும் இல்லை என்றார்கள். உடற்கூறியலில் மதிப்பெண் குறைவு என்று எனக்கே தெரியும். அதனால் அந்தப் பாடத்தை மறுபடி படித்துத் தேர்வு எழுதினேன். நுழைவுத்தேர்வையும் இரண்டாம் முறை எழுதினேன். ஏன் செவிலியராக விரும்புகிறேன் என்று எழுதித் தரவேண்டிய அந்த ஒரு பக்கத்தைப் பதினோரு முறை திருத்தினேன்.

இந்த ஆண்டு ஐந்து இடங்களுக்குப் போட்டேன். ஒன்று மறுத்துவிட்டது. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒன்று இடம் தந்திருக்கிறது, ஆனால் என் பட்டியலில் அது கடைசி. பன்னிரண்டு நாளுக்குள் முன்பணம் கட்டவேண்டுமாம். மற்ற இரண்டும் வாய் திறக்கவில்லை. அவற்றில் ஒன்றுதான் நான் கனவிலும் நினைத்துக்கொண்டிருக்கும் கல்லூரி.

அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் என் விண்ணப்பத்துக்கு நேரே ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களை ஒரு நாளில் நாற்பது முறையாவது படிக்கிறேன். ஒருநாள் எழுத்து சற்றுத் தடித்துத் தெரிந்தது. இதற்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று விடியும்வரை யோசித்தேன். என் கைப்பேசியில் எழுத்தின் அளவு மாறியிருந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் கைப்பேசி அதிராதபோதும் அதிர்வதுபோல் தொடையில் உணர்கிறேன்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வார்டில் வேலை செய்யும் நண்பனும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தவர்கள். அவனுக்கு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்தக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. கைகொடுத்து வாழ்த்தினேன். பிறகு துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த விரிப்புகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். அவனிடம் இப்போது சரியாகப் பேசுவதில்லை.

“உனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?” என்கிறார் என் அம்மா. கேட்டாலே எரிச்சல் வருகிறது. உலகமெங்கும் செவிலியருக்குப் பஞ்சம் என்று படிக்கிறேன். பஞ்சம் என்றால் கதவை ஏன் சாத்துகிறார்கள்?

வேலையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் மறக்கிறேன். மூன்றாம் கட்டிலில் ஒருவர் திசுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் “ரிப்போர்ட் வந்துவிட்டதா?” என்று கேட்பார். “இரவில் எந்த ரிப்போர்ட்டும் வராது, காலை பத்து மணிக்கு மேல்தான். நான் பன்னிரண்டுக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை வந்து உங்களைப் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் தூங்கிவிடுகிறார். எனக்குத்தான் பகலில் தூக்கம் இல்லை.

அந்தக் கல்லூரியும் இல்லை என்று சொல்லிவிட்டால், நான் எதற்குத்தான் லாயக்கு என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘எதற்குத்தான் லாயக்கு’ என்ற நினைப்பு, கடிதம் எழுதிய அன்று மட்டும் வந்துபோனதா, நாள்தோறும் வருகிறதா? உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற அளவுக்கு அது நீளுமானால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவேண்டாம். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே மருத்துவர் இருக்கிறார், போய்ச் சொல்லுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தாலும் அதேதான். இரவுப்பணி செய்பவருக்குப் பகல் தூக்கமும் போனால், மனம் எதையும் பத்து மடங்காக்கிக் காட்டும்.

இனி மூன்றாம் கட்டில்காரர். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுவதிலும் அந்த நாலு வரிதான் முக்கியமாகப் பட்டது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் செவிலியப் பணி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அச்சம், நிச்சயமின்மை, காத்திருப்பு, எதிர்பார்ப்பு இவை எல்லாம் உடல் உழைப்பைவிட நோயாளிக்கு அதிகக் கேடு செய்யும் என்கிறார் அதில். நோயாளி எந்நேரமும் தன் எதிரியோடு நேருக்கு நேர் நின்று, மனத்துக்குள்ளேயே மல்லுக்கட்டி, அவனோடு நீண்ட கற்பனை உரையாடல்கள் நடத்திக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்கிறார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரியோடு நீங்கள் விடியவிடியப் பேசியது அந்த வகை உரையாடல்தான். அதற்கு அவர் சொல்லும் மருந்து மிகச் சாதாரணமானது: வெளியே போகிறாயா, பத்து நிமிடமானாலும் எப்போது திரும்புவாய் என்று நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போ. பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் வருவேன் என்று நீங்கள் சொன்னீர்களே, அதுதான். யாரும் சொல்லித்தராமல் அதைச் செய்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு ரிப்போர்ட் வரவில்லை. அது வரவே வராத மணிகள் எவை என்று மட்டும் தெரிந்தது. அதற்கே தூக்கம் வந்துவிட்டது.

இதை உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளவேண்டும். கல்லூரி அலுவலகம் இரவு இரண்டு மணிக்கு முடிவு அனுப்பப்போவதில்லை. தூங்கி எழுந்தபின், மாலையில் ஒரு நேரம் குறியுங்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணி. அப்போது ஒருமுறை பாருங்கள், மூடிவையுங்கள். அந்த இரு கல்லூரிகளின் மின்னஞ்சலுக்கு மட்டும் தனி ஒலி வைத்துவிட்டால் கைப்பேசியின் மற்ற ஓசைக்கெல்லாம் நெஞ்சு குதிக்காது. முதல் நான்கு நாள் கை பரபரக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த ஒரு நிமிடத்துக்காகக் கை மறுபடி போகிறது. சொறிந்தால் அரிப்பு கூடுவதைப் போல என்று உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை, வார்டில் தினமும் பார்க்கிறீர்கள்.

இதனால் தவிப்பு அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த பட்டதாரிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார். மனத்தைத் தேற்றிக்கொள்ள அவர்கள் கையாண்ட உத்திகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால், தவித்துக்கொண்டே காத்திருந்தவர்கள் முடிவு வந்தபோது அதை நன்றாகவே எதிர்கொண்டார்கள். தோல்வியென்றால் அடுத்த வேலையைப் பார்த்தார்கள், வெற்றியென்றால் கூடுதலாக மகிழ்ந்தார்கள். ஆகவே தவிப்பதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நாற்பது முறையை ஒரு முறையாக்கினால் போதும்.

பஞ்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம். 2018 நிலவரப்படி உலகில் 59 லட்சம் செவிலியர் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. ஆனால் வகுப்பறையில் இன்னும் இருபது நாற்காலி போடுவதுபோல வார்டில் இருபது மாணவர்களைச் சேர்க்க முடியாது. கற்றுக்குட்டி ஊசி போடும்போது பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கவேண்டும். ஒருவரால் ஒரே நேரத்தில் சிலரைத்தான் கண்காணிக்க முடியும். அப்படிக் கற்பிக்கும் ஆசிரியரும் குறைவு, பயிற்சிக்கு இடம் தரும் வார்டுகளும் குறைவு. அதனால் எல்லாத் தகுதியும் உள்ளவர்களுக்கே பல இடங்களில் இல்லை என்ற பதில் போகிறது. மறுப்புக் கடிதத்தை உங்களைப் பற்றிய சான்றிதழாகப் படிக்காதீர்கள். பாதி அந்த ஆண்டு எத்தனை படுக்கை, எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு.

உங்கள் நண்பர் விஷயத்தில் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நீங்கள் அறைக்குள் போய் விரிப்புதான் மடித்தீர்கள். அவரைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. பொறாமை இருந்துவிட்டுப் போகட்டும். பேசாமல் இருப்பதை மட்டும் நிறுத்துங்கள். “எனக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் உன் படிப்பைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசவேண்டாம், மற்றதைப் பேசுவோம்” என்று நேராகச் சொல்லலாம். கூடவே படித்தவருக்கு இது புரியும். உங்கள் அம்மாவின் பேச்சுக்கும் நைட்டிங்கேலிடம் பதில் இருக்கிறது: நோயாளியிடம் வந்து ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று அளப்பவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதி வெளுத்து வாங்கியிருக்கிறார். ஆனாலும் உங்கள் அம்மா பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார். “இன்றைக்குக் கேட்காதீர்கள், வந்தால் நானே முதலில் சொல்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் ஒரு பத்து மணி வேண்டும்.

இப்போது பணம் கட்டும் விஷயம். பன்னிரண்டு நாள் கெடு என்பதால் இதைத்தான் முதலில் செய்யவேண்டும்.

கனவுக் கல்லூரிக்கு ஐந்தாறு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வேறோர் இடத்தில் சேர்க்கை கிடைத்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும், உங்கள் முடிவு எப்போது தெரியும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். சேர்க்கை அலுவலகங்களுக்கு இது பழகிய கேள்வி. கெஞ்சவேண்டாம், மிரட்டவும்வேண்டாம். இடம் தந்த கல்லூரியிடம் கெடுவை நீட்டிக்க முடியுமா என்றும், கட்டிய பின் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும் என்றும் எழுத்தில் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் வைத்த கல்லூரிக்கு, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுங்கள். மறுபடி எழுதிய உடற்கூறியல் தேர்வின் மதிப்பெண் விண்ணப்பத்துக்குப் பின் வந்திருந்தால் அது ஒரு செய்தி. ‘இன்னும் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று வாரம் ஒரு கடிதம் செய்தியல்ல.

பன்னிரண்டாம் நாளும் பதில் வராவிட்டால்? அந்தக் கடைசிக் கல்லூரியைப் பற்றி மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள். செவிலியர் பதிவுக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா? அங்கே படித்தவர்கள் உரிமத் தேர்வில் எப்படித் தேறுகிறார்கள்? பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை வகை வார்டு? மூன்றும் திருப்தியென்றால், பணத்தை இழந்தாலும் தாங்கும் என்றால், கட்டிவிடுங்கள் என்பேன். இரவில் மணியடிக்கும் நோயாளி உங்கள் கல்லூரியின் பெயரைக் கேட்பதில்லை. விடைகள் திருப்தியில்லையென்றால் கட்டாதீர்கள். பயத்தில் சேர்ந்த படிப்பு மூன்று நான்கு ஆண்டு இழுக்கும். கனவுக் கல்லூரி பிறகு அழைத்தால் அப்போது கணக்குப் போடலாம்.

நைட்டிங்கேலும் காத்திருந்தவர்தான். 1845இல் மருத்துவமனையில் பயிற்சி பெறப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் முறையாகப் பயிற்சி பெற்றது 1851இல். அந்த ஆறு ஆண்டும் அவர் பொறுமையாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள், நாட்குறிப்பில் புலம்பித் தீர்த்திருக்கிறார்.

மின்னஞ்சல்களை நாளைக்கே அனுப்பிவிடுங்கள். கடைசியாக ஒன்று: மூன்றாம் கட்டில்காரருக்கு ரிப்போர்ட் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்